வழமையான சுமை

கிறிஸ்தோப்பர் கடலுக்குப் பயந்துதான் வான் ஓட்ட வந்தவர். தகப்பன், அண்ணன்மார், மைத்துனன்மார் எல்லாரும் கடற்றொழில். இவர் ஒருவர்தான் முழங்காலளவு தண்ணீரிலேயே தலை சுற்றி விழுகிற ஆள். பிரயாணிகளைத் தோளில் தூக்கி ஆறு கடத்திய புனித கிறிஸ்தோப்பரின் பெயரை வைத்தால் பிள்ளை திடமாக வளரும் என்று தகப்பன் நம்பியிருக்க வேண்டும். பெயர் ஒட்டியது. திடம் ஒட்டவில்லை.

ஆனால் புங்குடுதீவில் இருந்துகொண்டு கடலிலிருந்து தப்ப முடியுமா? தீவின் இறுப்பிட்டிப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி வேலணையில் இறக்குவது அவருடைய தொழில். இரண்டு தீவுக்கும் இடையில் கடலுக்கு நடுவே போட்ட நீளமான வீதி. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கடல், நடுவில் குண்டும் குழியும். சோளகக் காற்றுக் காலத்தில் கடல் எழும்பி வீதியைக் கழுவிவிட்டுப் போகும். வள்ளத்திலே போனால் சுழியோடத் தெரிந்த நாலு பேராவது பக்கத்தில் இருப்பார்கள். வானுக்குள்ளே இருப்பது இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும். கடலுக்குப் பயந்து ஓடிய மனிதர் தினமும் இரண்டு தரம், அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கடலுக்கு நடுவால் போய்வந்தார்.

கடலுக்கு அடுத்தபடி அவர் பயந்தது கதிரைக்கு. மேசைக்குப் பின்னால் போட்டிருக்கிற, அதில் ஒருவர் இருந்து "என்ன விசயம்?" என்று கேட்கிற கதிரைக்கு. அந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரு பதில்தான் இருந்தது. "ஓம் ஐயா." கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும், அந்தப் பதிலைக் கேட்டுக் கோபித்த உத்தியோகத்தர் இலங்கையில் ஒருவரும் இல்லை. 'ஏலாது' என்ற சொல்லை அவர் தன் மனைவி மாக்கிறேற்றிடம்கூடச் சொன்னதில்லை. கதிரையில் இருக்கிறவரிடம் சொல்வதைப் பற்றிக் கனவிலும் நினைத்ததில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் நித்தியம் டயர் நிறுவனத்தின் உத்தரவாதம் வந்து வாய்த்தது.

யாழ்ப்பாணத்தில் டயர் வாங்கப் போனபோது கடைக்காரர் சொன்னார்: "அண்ணை, அறுபதினாயிரம் கிலோமீற்றருக்கு எழுத்திலை உத்தரவாதம். அதுக்கு முதல் தேஞ்சால் புது டயர் தருவினம்." கிறிஸ்தோப்பர் ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் நித்திய சீவியத்தை விசுவசிக்கிறேன் என்று சொல்லிப் பழகியவர். அந்தப் பெயரில் ஒரு டயர் இருந்தால் அது பொய் சொல்லாது என்று நம்பினார். நாலு சில்லுக்கும் நித்தியமே போட்டார்.

போட்ட கையோடு வானைக் கோவில் வாசலுக்குக் கொண்டுபோனார். சுவாமியார் ஆசீர்வதித்து, வானைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வழியில் சிவபாதம் மறித்தார். சிவபாதத்தின் மகள் பவதாரணி அந்த வானில்தான் பள்ளிக்கூடம் போகிறவள்.

"அண்ணை, உங்கடை தீர்த்தம் உங்கடை பக்கத்துக்குச் சரி. என்ரை பிள்ளையும் ஏறுறாள் எல்லோ? பிள்ளையாரடிக்கு ஒருக்கால் விடுங்கோ."

பயந்தவனுக்கு இரண்டு பக்கத்திலும் காவல் இருந்தால் நல்லதுதானே. கிறிஸ்தோப்பர் பிள்ளையார் கோவிலடியிலும் வானை நிறுத்தினார். சிவபாதம் நாலு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். வான் ஏறி நசித்தது. எல்லாருக்கும் திருப்தி. இதனால் பின்னொரு நாள் தான் குற்றவாளியாக நிற்க வேண்டிவரும் என்று கிறிஸ்தோப்பருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் காலை பவதாரணி வானில் ஏறாமல், பின்பக்க இடது சில்லுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தாள்.

"மாமா, இந்த டயர் அப்பாவின்ரை தலை மாதிரி மினுங்குது."

கிறிஸ்தோப்பர் குனிந்து பார்த்தார். டயரின் வரிகள் போன இடம் தெரியவில்லை. தடவினால் வழுவழுவென்று இருந்தது. மற்ற மூன்றும் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் பெருமைப்பட ஒன்றுமில்லை. இத்தனை நாளும் இதிலா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன் என்று நினைத்தார். அன்றைக்கு அவர் அந்த வீதியை நடக்கிற வேகத்தில் கடந்தார். சைக்கிளில் போன ஒருவர் வானை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நித்தியம் நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளை குளிரூட்டிய கட்டடம். உள்ளே கதிரை இருந்தது. கதிரையில் நிரோஜன் என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தார். மரியாதையான பிள்ளை. அதுதான் கிறிஸ்தோப்பரை இன்னும் பயப்படுத்தியது.

"டயர் வெடிச்சதோ?" என்று நிரோஜன் கேட்டார்.

"இல்லை ஐயா. தேஞ்சு போச்சு."

"வெடிச்சிருந்தால் அது விபத்து. விபத்துக்கு உத்தரவாதம் இல்லை. வெடிக்கேல்லையெண்டால் டயர் நல்லாயிருக்குதெண்டு அர்த்தம். நல்ல டயருக்கு உத்தரவாதம் தேவையில்லை. விளங்குதோ?"

"ஓம் ஐயா."

"இந்த ரெண்டுக்கும் நடுவிலை இருக்கிறதுதான் தேய்வு. அதைக் கண்டுபிடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. அதுக்கெண்டு ஒரு குழு இருக்கு. அவை வந்து பார்க்கும்வரைக்கும் நீங்கள் டயரைக் கழட்டக் கூடாது. ஒண்டைக் கழட்டினாலும் நாலுக்கும் உத்தரவாதம் போகும்."

நிரோஜன் எழுந்து வெளியே வானடிக்கு வந்தார். கையில் மெல்லிய கம்பியும் ஈயமும் கொண்டுவந்தார். ஒவ்வொரு சில்லின் நட்டுகளையும் கம்பியால் பின்னி, ஈயத்தில் நிறுவன முத்திரையைக் குத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வழமையான பாதையிலை, வழமையான வேகத்திலை, வழமையான சுமையோடை ஓடுங்கோ. அப்பதான் வழமையான தேய்வு எவ்வளவெண்டு தெரியும்."

"என்ரை வழமையான சுமை பிள்ளையள் ஐயா."

"நல்லது. அதையே ஏத்துங்கோ."

"வழியிலை காத்துப் போனால்?"

"காத்து அடிக்கலாம். காத்து எங்கடை உற்பத்தி இல்லை."

குழு எப்போது வரும் என்று கேட்கக் கிறிஸ்தோப்பர் வாயைத் திறந்தார். ஆனால் வெளியே வந்தது "ஓம் ஐயா" தான்.

அன்றிலிருந்து அவருடைய நித்திரை போனது. வீதியின் நடுப்பகுதி வந்ததும் ஸ்டியரிங் வளையத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார். ஒவ்வொரு குழியையும் அவர் பெயர் சொல்லாத குறையாக அறிந்து வைத்திருந்தார். ஒன்றைத் தவிர்த்தால் மற்றது காத்திருந்தது. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள், ஒருவர் தலையில் ஒருவர் அடிப்பார்கள், யன்னலால் கடலுக்குக் கை காட்டுவார்கள். அவர் அந்தோனியாரைக் கூப்பிடுவார். அந்தோனியாருக்கு வேறு வேலை இருக்குமோ என்று நினைத்து, பிள்ளையாரையும் மெதுவாகச் சேர்த்துக்கொள்வார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, தேத்தண்ணிக் கடையில் தேத்தண்ணியை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருப்பார். திரும்பிப் போகவும் அதே வீதிதான் என்ற நினைப்பு அந்தத் தேத்தண்ணியை ஆறவைத்துவிடும்.

மாக்கிறேற் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"கழட்டி எறிஞ்சுபோட்டுக் கடனுக்கெண்டாலும் ஒண்டு வாங்கிப் போடுங்கோவன். உத்தரவாதத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கடலுக்குள்ளை போகப்போறியளோ?"

"கம்பி போட்டிருக்கினம், மாக்கிறேற்."

"என்ன கம்பி? நகத்தாலை அறுக்கலாம்."

"கம்பியை அறுக்கலாம். முத்திரை எல்லோ இருக்கு."

மாக்கிறேற் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளோடு கதைத்தாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்று கிறிஸ்தோப்பருக்குத் தெரியும். ஆனால் நியாயத்துக்குப் பயப்படுவதை விட முத்திரைக்குப் பயப்படுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

குழு வரவில்லை. கிறிஸ்தோப்பர் யாழ்ப்பாணத்துக்குப் போனார். மறுபடியும் போனார். ஒவ்வொரு முறையும் வானோடு வரச் சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் வானைப் பார்க்காமல் அனுப்பினார்கள். கடைசியில் ஒருநாள் தேய்வு நிர்ணயக் குழு அவரை விசாரணைக்கு அழைத்தது.

குழு மேல்மாடியில் இருந்தது. டயர் கீழே நின்றது. நடுவில் பெரிய கதிரையில் தலைவர் பரராசசிங்கம். இரண்டு பக்கமும் இருவர். அவர்கள் தலையாட்டுவதற்கென்று நியமிக்கப்பட்டவர்கள், அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்தார்கள். தலைவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் பட்டுத்துணியில் ஒரு சின்னக் கருவி. டயரின் வரி எவ்வளவு ஆழம் என்று அளக்கிற கருவி அது. பாவித்தால் தேய்ந்துவிடும் என்பதால் அதை ஒருவரும் பாவிப்பதில்லை.

"மிஸ்டர் கிறிஸ்தோப்பர்," என்று பரராசசிங்கம் தொடங்கினார், "நீர் ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். எங்கடை டயர் தேயிறேல்லை. இந்தக் குழு தொடங்கின நாளிலையிருந்து ஒரு டயராவது தேஞ்சதெண்டு நாங்கள் தீர்மானிச்சதில்லை. அப்பிடி ஒரு நல்ல பேர் எங்களுக்கு இருக்கு. அப்ப உம்மடை டயர் மட்டும் எப்பிடித் தேஞ்சது? என்ன செய்தனீர்?"

"வான் ஓடினனான் ஐயா."

"ஆ!" என்றார் பரராசசிங்கம். இரண்டு பக்கத்துத் தலைகளும் ஆடின. "ஓடினதை ஒப்புக்கொள்ளுறார். எழுதிக்கொள்ளும்."

ஓரத்தில் நின்ற நிரோஜன் எழுதிக்கொண்டார்.

"சரி. புது டயர் போட்ட அண்டைக்கு என்ன செய்தனீர்?"

இங்கேதான் கிறிஸ்தோப்பர் பிழை விட்டார். பொய் சொல்லத் தெரியாத பயம் அவருடையது. கோவில் வாசலில் நின்றதையும் சொன்னார், பிள்ளையாரடியில் நின்றதையும் சொன்னார். எலுமிச்சம்பழம் என்ற சொல் வந்ததும் குழு நிமிர்ந்து இருந்தது.

"சில்லுக்கு ஒண்டோ?"

"ஓம் ஐயா."

"காயோ, பழமோ?"

"பழம் ஐயா. ஒண்டு மட்டும் கொஞ்சம் காய்."

"காய் வைச்சது எந்தச் சில்லுக்கு?"

"ஞாபகம் இல்லை ஐயா."

"நசிக்கேக்கை சத்தம் கேட்டதோ?"

"கேட்டது ஐயா."

"பழத்தின்ரை சத்தமோ, றப்பரின்ரை சத்தமோ?"

கிறிஸ்தோப்பர் நெற்றியைத் துடைத்தார். அப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கும் என்று அவர் எண்ணியதில்லை. தெரியாது என்றால் பிழையா, பழம் என்றால் பிழையா?

"ஓம் ஐயா," என்றார்.

"தீர்த்தத்திலை சுவாமியார் உப்புப் போட்டவரோ?"

"போடுறவை ஐயா. முறைப்படி."

பரராசசிங்கம் கதிரையில் சாய்ந்தார். அவருடைய முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ஒரு பக்கத்தாலை புளி, மற்றப் பக்கத்தாலை உப்பு. ரெண்டு சமயமும் ஒண்டு சேர்ந்து எங்கடை டயரைத் தாக்கியிருக்கு. அது காணாதெண்டு, நீர் இஞ்சை எத்தினை தரம் வந்துபோனனீர்?"

"நீங்கள் வரச் சொன்ன ஒவ்வொருக்காலும் ஐயா."

"முறைப்பாடு செய்யிறதுக்காக ஓடின ஓட்டம் வழமையான ஓட்டம் இல்லை. அதிலை தேஞ்சது முறைப்பாட்டுத் தேய்வு. அது உம்மடை தலையிலை. நீர் முறைப்பாடு செய்யாமல் இருந்திருந்தால் டயர் இவ்வளவு தேஞ்சிருக்காது."

"அப்ப இனி பஸ்ஸிலை வரட்டோ ஐயா?"

"டயர் இல்லாமல் வந்தால் என்னத்தை விசாரிக்கிறது?"

தலைகள் ஆடின. கிறிஸ்தோப்பருக்குக் கண் இருட்டியது. அந்த இருட்டுக்குள் அவருக்குக் கடல் தெரிந்தது. வானின் பின்யன்னலில் பவதாரணி தெரிந்தாள். தான் பேசப்போகிறோம் என்று தெரியாமலே அவர் பேசினார்.

"ஐயா, பிள்ளையளை ஏத்திக்கொண்டு கடலுக்கு நடுவாலை ஓடுறனான். எந்த நேரம் வெடிக்குமோ தெரியாது. எனக்குப் பயமாயிருக்கு ஐயா."

பரராசசிங்கம் அன்போடு முன்னால் சாய்ந்தார்.

"பயம் உத்தரவாதத்துக்குள்ளை வராது, கிறிஸ்தோப்பர்."

ஆனால் நிறுவனம் இரக்கமுள்ள நிறுவனம். குழு நேரில் வந்து, வானிலேயே ஏறி, வழமையான பாதையில் பயணம் செய்து அவதானிப்பதென்று அங்கேயே தீர்மானிக்கப்பட்டது. வருகிற வெள்ளிக்கிழமை தலைவரும் நிரோஜனும் நயினாதீவு அம்மனைத் தரிசிக்க இருந்தார்கள். அது வேறு அலுவல். சனிக்கிழமை காலை முதல் படகில் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குத் திரும்புவார்கள். இது இந்த அலுவல். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லையென்று தலைவர் இருமுறை சொன்னார்.

"சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையே ஐயா."

"அப்ப பிள்ளையளை ஒருக்கால் கூப்பிடும். சுமை இல்லாமல் எப்பிடி அவதானிக்கிறது?"

கிறிஸ்தோப்பர் வீடுவீடாகப் போய்த் தாய்மாரிடம் சொன்னார். சனிக்கிழமை வேலணையில் மேலதிக வகுப்பு நல்லகாலத்துக்கு உண்மையாகவே இருந்தது. பொய் சொல்லவேண்டி வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் நின்றபோது, பிள்ளையைத் தாங்கோ, டயரைச் சோதிக்க வேணும் என்று கேட்பது போலவே அவருக்கு இருந்தது. சிவபாதம் வாசலில் வந்து சிரித்தபோது அவரால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

சனிக்கிழமை சோளகம் தலைவிரித்து ஆடியது. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. கிறிஸ்தோப்பர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து வானை அங்கே நிறுத்தியிருந்தார். பக்கத்தில் யாழ்ப்பாணம் போகிற பஸ் புறப்படக் காத்திருந்தது. அதன் பின்கதவடியில் மீன்காரி சின்னத்தங்கம் கொண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். வழமைபோல அவளுடைய மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகியது, வழமைபோல அவர் ஏற்றமாட்டேன் என்றார்.

பரராசசிங்கம் படகிலிருந்து இறங்கினார். நெற்றி நிறையக் குங்குமம். சேட்டுப் பையில் அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த எலுமிச்சம்பழம் ஒன்று புடைத்துக்கொண்டு நின்றது. நிரோஜன் பட்டுத்துணியில் சுற்றிய கருவியை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். ஆனால் துணியை அவிழ்க்கவில்லை. உப்புக் காற்றுப் படக் கூடாதாம். தலைவர் பின்பக்க இடது சில்லுக்கு முன்னால் குனிந்து பெருவிரலால் ஒருமுறை தடவினார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதைக் கிறிஸ்தோப்பர் கண்ணால் கண்டார்.

"இருக்கு," என்றார் பரராசசிங்கம். "இன்னும் ஆயுள் இருக்கு."

"அப்ப ஏறுங்கோ ஐயா," என்று கிறிஸ்தோப்பர் கதவைத் திறந்தார். குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவருக்குத் தெரியாது. ஏறுவதென்பது அவர்களுடைய தீர்மானம், அதைத்தான் சொன்னார்.

பிள்ளைகள் நெருக்கி இருந்து இடம் விட்டார்கள். பவதாரணி தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இதிலை இருங்கோ மாமா. இதுக்கு நேர கீழைதான் மினுங்குற டயர்."

பரராசசிங்கத்தின் ஒரு கால் படியில் இருந்தது. அவர் அந்த இடத்தைப் பார்த்தார். காற்றில் ஆடுகிற வானைப் பார்த்தார். தூரத்தில் வெள்ளையாக எழும்பி விழுகிற கடலைப் பார்த்தார். கை தானாகச் சேட்டுப் பைக்குப் போய் எலுமிச்சம்பழத்தைப் பொத்திக்கொண்டது. பிறகு படியிலிருந்து காலை எடுத்தார்.

"வானுக்குள்ளை இருந்தால் டயர் தெரியாதே," என்றார். "நாங்கள் பஸ்ஸிலை முன்னாலை போறம். பின்யன்னலாலை பார்த்தால் எல்லாம் வடிவாத் தெரியும். நீர் பின்னாலை வாரும்."

"பிள்ளையள் ஐயா?"

"அவை வானிலைதான். வழமையான சுமை எண்டு விதி இருக்கெல்லோ. பயப்பிடாதையும், உத்தரவாதம் இருக்கு."

கிறிஸ்தோப்பர் வாயைத் திறந்தார். "ஓம்" வந்தது. "ஐயா" வரவில்லை. அவர் பஸ்ஸைப் பார்த்தார், வானைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றார்.

சின்னத்தங்கம் கொண்டக்டரை விட்டுவிட்டு வந்தாள்.

"ஐயாவுக்குச் சுமைதானே வேணும்?" என்றாள். "என்ரை பெட்டியளும் சுமைதான். நல்ல பாரம். பிள்ளையளை பஸ்ஸிலை விடுங்கோ, என்ரை மீனை வானிலை ஏத்துங்கோ. அவன்ரை பஸ்ஸுக்குள்ளையும் ஒழுகாது, உங்களுக்கும் பாரம் குறையாது."

பரராசசிங்கம் நிரோஜனைப் பார்த்தார். நிரோஜன் விதிகளைப் புரட்டினார்.

"சுமை எண்டுதான் இருக்கு ஐயா. உயிரோடையோ, இல்லையோ எண்டு போடேல்லை."

"அப்ப சரி," என்றார் பரராசசிங்கம். "பாரம் சமனாயிருந்தால் காணும்."

பிள்ளைகள் கூத்தும் கும்மாளமுமாக பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவர்கள் இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பெட்டி ஏறியது. பவதாரணியின் இடத்தில் விளைமீன் பெட்டி. பஸ்ஸில் ஏறும்போது சின்னத்தங்கம் திரும்பி, "ஒரு மீன் குறைஞ்சாலும் அண்ணையிட்டையும் ஐயாவிட்டையும் கேப்பன், சொல்லிப்போட்டன்," என்றாள்.

பஸ் முன்னால் போனது. வான் பின்னால் போனது. கடல் வீதி தொடங்கியபோது கிறிஸ்தோப்பருக்கு ஓர் ஆச்சரியம். பயம் இருந்தது, ஆனால் அது தன் ஒருவனுடைய பயமாக மட்டும் இருந்தது. அதைத் தூக்குவது அவ்வளவு கடினமாக இல்லை. பஸ்ஸின் பின்யன்னலில் தலைவரும் நிரோஜனும் தெரிந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பவதாரணி மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி அவருக்குக் கோணங்கி காட்டிக்கொண்டு வந்தாள்.

நடுவீதியில், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குழியில் அது நடந்தது.

முதலில் சத்தம். பிறகு வளையம் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. வான் இடப்பக்கம் இழுத்து, கரைக் கல்லில் மோதி, பாதி சுழன்றது. பின்கதவு அடித்துத் திறந்தது. கிறிஸ்தோப்பர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது வான் நின்றிருந்தது. பின்சில்லு கல்லுக்கு வெளியே அந்தரத்தில் தொங்கியது. கீழே கடல் நுரைத்தது.

வளையத்திலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. இறங்கிப் பின்னால் வந்தார். வீதி முழுக்க மீன். பாரையும் விளைமீனும் நண்டும் வெயிலில் பரந்து கிடந்தன. ஐஸ் உருகி ஓடியது. பவதாரணியின் இடத்தில் இருந்த பெட்டியைத் தேடினார். அது வீதியில் இல்லை. கடலில் கவிழ்ந்து, அலையில் ஏறி இறங்கி, மெல்ல மெல்லத் தூரப் போய்க்கொண்டிருந்தது. கிறிஸ்தோப்பர் அதைப் பார்த்துக்கொண்டே வீதியில் குந்தினார். பெரிய சத்தமாக அழுதார்.

பஸ் நின்றது. சின்னத்தங்கம்தான் முதலில் ஓடி வந்தாள். மீனைப் பார்த்தாள். கடலில் போகிற பெட்டியைப் பார்த்தாள். பஸ் யன்னல்களில் வரிசையாகத் தெரிந்த பிள்ளைகளின் தலைகளைத் திரும்பிப் பார்த்தாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிறிஸ்தோப்பரின் பக்கத்தில் வந்து, அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பரராசசிங்கம் நேராகச் சில்லடிக்குப் போனார். கிழிந்து தொங்கிய றப்பரைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் தெளிந்திருந்தது.

"வெடிப்பு," என்றார். "கண்டீரோ? இது தேய்வே இல்லை. வெடிப்பு எங்கடை பிரிவு இல்லை. நிரோஜன், தேய்வு முறைப்பாடு முடிஞ்சுதெண்டு எழுதும். கிறிஸ்தோப்பர், வெடிப்புப் பிரிவு கொழும்பிலையிருந்து வரவேணும். அதுவரைக்கும் டயரைக் கழட்டக் கூடாது. முத்திரை அப்பிடியே இருக்கட்டும். வழமையான பாதையிலை, வழமையான சுமையோடை ஓடிக்கொண்டிரும்."

கிறிஸ்தோப்பர் எழுந்தார். பயம் எங்கும் போய்விடவில்லை, வழக்கம்போல அங்கேதான் இருந்தது. வாய் பழக்கத்தில் திறந்தது. இரண்டு பக்கத்துத் தலைகளும் ஆடுவதைப் பார்க்க அங்கே மாடி இல்லை. பரராசசிங்கம் இருப்பதற்குக் கதிரையும் இல்லை. மீனுக்கு நடுவில், காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தோடு நின்றார்.

"ஏலாது," என்றார் கிறிஸ்தோப்பர்.

குரல் உடைந்திருந்தது. அதனால் ஒருவருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்து, இன்னும் ஒருமுறை சொன்னார். பிறகு ஆசனத்துக்குக் கீழேயிருந்து சில்லுக் கழற்றுகிற ஸ்பானரை எடுத்துவந்து, முன்சில்லடியில் முழங்காலில் நின்று, கம்பிக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். ஈய முத்திரை தெறித்து, ஒரு பாரை மீனின் மேல் விழுந்தது. மாக்கிறேற் சொன்னது சரி. நகத்தாலேயே அறுத்திருக்கலாம்.

பரராசசிங்கம் பின்னால் ஓர் அடி வைத்தார். நிரோஜன் பேனையை எடுத்து, தாளை மேலும் கீழும் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"ஐயா," என்று மெதுவாகக் கேட்டார், "'ஏலாது' எண்டதை எதிலை எழுதுறது? அதுக்கு இடம் விடேல்லையே."

அதற்குள் கிறிஸ்தோப்பர் அடுத்த சில்லுக்குப் போய்விட்டார்.